“அண்ணா, எதை எடுக்கட்டும்?”: திறமூலத் திட்டங்களுக்கு லேபிள் ஒட்டும் முழுமையான வழிகாட்டி

பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சின்ன பைத்தான் கருவி ஒன்றை, யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூலமாக, நானும் இரண்டு நண்பர்களும் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் வைத்திருக்கிறோம். ஒரு நாள் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதினார்: “அண்ணா, உங்க ப்ராஜெக்ட்ல ஏதாவது செய்யணும்னு ஆசை. எதை எடுக்கட்டும்?” நானும் பெருமையாக இஷ்யூ பக்கத்தின் (பிழைகளையும் செய்ய வேண்டிய வேலைகளையும் பதியும் இடம்) சுட்டியை அனுப்பி வைத்தேன். அங்கே 42 இஷ்யூக்கள் திறந்து கிடந்தன. என்ன வகை வேலை என்று சொல்லும் லேபிள் ஒன்றுக்கும் கிடையாது. பாதித் தலைப்புகள் எனக்கே புரியாது. “கொ பிரச்சினை” என்று ஒன்று, “போன வாரம் பேசியது” என்று இன்னொன்று. அந்த மாணவர் திரும்ப வரவே இல்லை.

நம் வீட்டுச் சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு இருக்கும், போர்ன்விட்டா டப்பாவில் பெருங்காயம் இருக்கும். அம்மாவுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. உதவிக்கு வந்த சித்திதான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, நீயே வந்து எடுத்துக் குடு” என்பார். எங்கள் ரெப்போவும் (திட்டத்தின் கோப்புகளும் இஷ்யூக்களும் இருக்கும் கிடங்கு) அப்படித்தான் இருந்தது. அதைச் சரிசெய்தபோது கற்றதையும், பெரிய திட்டங்கள் எப்படிச் செய்கின்றன என்று பார்த்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கிட்ஹப்பை வைத்தே சொல்கிறேன். கிட்லேப், கோட்பெர்க் போன்ற மற்ற தளங்களில் பொத்தான்கள் இருக்கும் இடம் மாறும், வேலை ஒன்றுதான்.

படி 1: முதலில் வாசல் பலகை

லேபிள் என்றதும் எல்லோரும் இஷ்யூவுக்கு ஓடுகிறோம். அதற்கு முன் ரெப்போவுக்கே ஒட்டும் லேபிள் ஒன்று இருக்கிறது. கிட்ஹப்பில் அதன் பெயர் டாபிக்ஸ். ரெப்போ பக்கத்தின் வலப்பக்கம் ‘அபவுட்’ என்ற பகுதியில் பற்சக்கரப் படத்தைத் தட்டினால் சேர்க்கலாம். ஒரு ரெப்போவுக்கு 20 வரை வைக்கலாம், ஒவ்வொன்றும் 50 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், இணைப்புக்கோடு மட்டும்தான் செல்லும்.

20 இடம் இருக்கிறதே என்று 20 போட வேண்டாம். தேடி வரும் ஆள் என்ன தட்டுவார் என்று யோசித்தால் ஆறேழு போதும். நாங்கள் ஆங்கிலத்தில் வைத்திருப்பவை: பைத்தான், தமிழ், யூனிகோட், எழுத்துரு மாற்றம், இந்திய மொழிகள், கட்டளை வரிக் கருவி. ‘அற்புதம்’, ‘எளிமை’ என்ற வகைச் சொற்களால் பயனில்லை, யாரும் அப்படித் தேடுவதில்லை. அதே பகுதியில் ஒரு வரி விளக்கத்துக்கும் இடம் உண்டு, அதை வெறுமையாக விடாதீர்கள். தேடல் முடிவில் பெயருக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது அந்த வரிதான்.

ஒரு டாபிக் எவ்வளவு பெரிய கதவு என்பதற்கு ஹாக்டோபர்ஃபெஸ்ட் நல்ல சான்று. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014-இல் தொடங்கிய அக்டோபர் மாதத் திறமூலத் திருவிழா அது. 2020 வரை, பொதுவில் இருக்கும் எந்த ரெப்போவுக்கு அனுப்பிய புல் ரிக்வெஸ்டும் (நான் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள்) கணக்கில் சேரும். 2020-இல் நான்கு அனுப்பினால் டி-ஷர்ட். அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலேயே, திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும் குப்பைகள் கொட்டத் தொடங்கின. திட்டங்களை நடத்தும் மெயின்டெய்னர்கள் கொதித்துப் போனார்கள். 3-ஆம் தேதியே டிஜிட்டல் ஓஷன் விதியை மாற்றியது: ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற டாபிக்கைத் தானே ஒட்டிக்கொண்ட ரெப்போக்களும், மெயின்டெய்னர் தனியாக ஏற்றுக் குறித்த புல் ரிக்வெஸ்டுகளும் மட்டும்தான் கணக்கில் சேரும். ஒரே ஒரு டாபிக், வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் நடுவே கோடு போட்டது. இன்றும் அந்த டாபிக்கை ஒட்டினால் அக்டோபரில் உங்கள் வாசலில் ஆள் நிற்கும். பதில் சொல்ல நேரம் இருந்தால் மட்டும் ஒட்டுங்கள்.

படி 2: வருபவர் எந்த வழியாக வருகிறார் என்று நடந்து பாருங்கள்

ஒரு தன்னார்வலர் கிட்ஹப் தேடலில் பொதுவாக நான்கைந்து நிபந்தனை போடுவார். இஷ்யூ திறந்திருக்க வேண்டும். ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (முதல் வேலைக்கு ஏற்றது) லேபிள் இருக்க வேண்டும். தனக்குத் தெரிந்த நிரல்மொழியாக இருக்க வேண்டும். யாருக்கும் ஒதுக்கியிருக்கக் கூடாது. விவரம் தெரிந்தவர், ஏற்கெனவே புல் ரிக்வெஸ்ட் இணைந்த இஷ்யூக்களையும் கழித்துவிடுவார். ஒருமுறை நீங்களே இப்படித் தேடி, உங்கள் திட்டம் வருகிறதா என்று பாருங்கள். எங்களுடையது வரவில்லை. காரணம், முதல் முயற்சியில் நாங்கள் லேபிளுக்கு ‘பிகினர் ஃப்ரெண்ட்லி’ என்று அழகாகப் பெயர் வைத்திருந்தோம்.

ஒவ்வொரு சமூகத்துக்கும் இதில் ஒரு சொந்தச் சொல் உண்டு. மொசில்லா ‘குட் ஃபர்ஸ்ட் பக்’ என்கிறது, ஜாங்கோ ‘ஈஸி பிக்கிங்ஸ்’ என்கிறது. டெபியனில் ‘நியூகமர்’, கேடிஈயில் ‘ஜூனியர் ஜாப்’, லிப்ரே ஆபிஸில் ‘ஈஸி ஹேக்’. ஆட்களே தேடி வரும் பெரிய வீடுகள் அவை, என்ன பெயர் வைத்தாலும் செல்லும். நம்மைப் போன்ற சின்னத் திட்டம் கிட்ஹப்பில் இருந்தால் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்ற பெயரை எழுத்துப் பிசகாமல், ஆங்கிலத்தில், சொற்களுக்கு இடையே இடைவெளி விட்டு அப்படியே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கிட்ஹப்பே அதைத் தனியாகக் கவனிக்கிறது. ரெப்போ முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ‘கான்ட்ரிப்யூட்’ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், அந்த லேபிள் உள்ள இஷ்யூக்களைத் திரட்டி ஒரு பக்கம் வரும். ரீட்மீயில் கொடுக்க அருமையான சுட்டி அது.

வெளியே இருக்கும் திரட்டிகளும் லேபிளைத்தான் நம்பியிருக்கின்றன. ‘அப் ஃபார் கிராப்ஸ்’ என்ற தளத்தில் உங்கள் திட்டத்தையும் நீங்கள் பயன்படுத்தும் லேபிளின் பெயரையும் எழுதி ஒரு சிறு கோப்பை அனுப்பினால் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்ற பெயரிலேயே ஒரு தளமும் இருக்கிறது.

வேறு பெயரில் லேபிள் வைத்துவிட்டீர்களா? அழித்துவிட்டுப் புதிதாகப் போடாதீர்கள். லேபிள் பக்கத்தில் பெயரைத் திருத்தினால் போதும், ஏற்கெனவே ஒட்டிய எல்லா இஷ்யூக்களிலும் தானாக மாறிவிடும்.

படி 3: எத்தனை லேபிள்?

புது ரெப்போ திறந்தால் கிட்ஹப் ஒன்பது லேபிள்கள் தருகிறது. பக், டாக்குமென்டேஷன், டூப்ளிகேட், என்ஹான்ஸ்மென்ட், குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ, ஹெல்ப் வான்டட், இன்வேலிட், குவெஸ்சன், வோன்ட்ஃபிக்ஸ். மூன்று பேர் நடத்தும் திட்டத்துக்கு இவற்றோடு இன்னும் நாலைந்து சேர்த்தால் தாராளம்.

பெரிய திட்டங்கள் முன்னொட்டு போட்டு லேபிள்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கின்றன. குபர்நெட்டீஸ் என்ற பெரிய திறமூலத் திட்டத்தில் ‘கைண்ட்’ என்று தொடங்கினால் அது என்ன வகை வேலை, ‘ஏரியா’ என்றால் நிரலின் எந்தப் பகுதி, ‘சிக்’ என்றால் எந்தக் குழுவின் பொறுப்பு. ரஸ்ட் மொழித் திட்டம் ஒற்றை எழுத்திலேயே முடித்துவிடுகிறது. ‘ஏ’ என்று தொடங்கினால் பகுதி, ‘பி’ முன்னுரிமை, ‘ஈ’ பங்களிக்க வருபவருக்கான அழைப்பு. ‘ஈ-ஈஸி’ என்றால் எளிது, ‘ஈ-மென்டர்’ என்றால் வழிகாட்ட ஆள் இருக்கிறார். நமக்கு இவ்வளவு வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது லிப்ரே ஆபிஸ் செய்யும் விதம். ‘ஈஸி ஹேக்’ என்பதோடு நிறுத்தாமல், கடினம் எவ்வளவு, என்ன திறமை வேண்டும் என்று தனித்தனியாகவும் குறிக்கிறார்கள். சி பிளஸ் பிளஸ் தெரிய வேண்டுமா, பைத்தான் போதுமா என்பது இஷ்யூவைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். ‘எளிது’ என்ற சொல் யாருக்கு எளிது என்பதைச் சொல்வதில்லை. பத்து வருடம் நிரல் எழுதியவருக்கு எங்கள் கருவியில் எல்லாமே எளிது, ஆனால் ஒற்றைக் கொம்பு எது, இரட்டைக் கொம்பு எது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நிரல் ஒரு வரிகூட எழுதாத தமிழாசிரியர் ஒருவர் பிழையான எழுத்துகளை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். அதனால் நாங்கள் மூன்று லேபிள் சேர்த்தோம்: ‘பைத்தான் போதும்’, ‘தமிழ் தெரிந்தால் போதும்’, ‘இரண்டும் வேண்டும்’. நடுவில் உள்ளதுதான் எதிர்பாராமல் ஓடியது. ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவர் வந்து, வரிசையாக மாதிரிக் கோப்புகளைச் சோதித்துக் கொடுத்தார். அவர் ஒரு வரி நிரல்கூடத் தொடவில்லை.

லேபிளோடு விளக்கம் எழுதவும் இடம் உண்டு, 100 எழுத்து. பலரும் விட்டுவிடுவது இது. லேபிள் மேல் மவுஸைக் கொண்டுபோனால் அந்த விளக்கம் தெரியும். நிறம் பற்றி ஒரே ஒரு பேச்சு: வருபவருக்கான லேபிள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் கொடுங்கள், மற்றதெல்லாம் சாம்பலாக இருக்கட்டும்.

படி 4: லேபிளுக்குக் கீழே இருப்பதை எழுதுங்கள்

மொத்த வேலையில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. ஒரு இஷ்யூவுக்கு ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ ஒட்டுவது, “நீங்கள் எங்களைப் பார்த்ததே இல்லை என்றாலும் இதை முடித்துவிடலாம்” என்று வாக்குக் கொடுப்பது. குபர்நெட்டீஸ் இதற்கு எழுத்திலேயே விதி வைத்திருக்கிறது. தீர்வு ஏற்கெனவே முடிவாகியிருக்க வேண்டும், பின்னணி சொல்லியிருக்க வேண்டும், நிரலில் எந்த இடம் என்று காட்டியிருக்க வேண்டும், சோதித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

எங்கள் “கொ பிரச்சினை” இஷ்யூவையே எடுத்துக்கொள்வோம். முதலில் இருந்தது இவ்வளவுதான்: “கொ பிரச்சினை. தேடினால் வரல. பார்க்கணும்.” எழுதியவன் நான்தான்.

விஷயம் இது. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பார்கள். யூனிகோடில் ககரம் முதலில் வரவேண்டும். எங்கள் கருவி கொம்பைச் சரியாக ககரத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, காலை அப்படியே தனியாக விட்டுவிட்டது. திரையில் பார்த்தால் ‘கொ’ என்றே தெரியும். ஆனால் உள்ளே கொம்பும் காலும் இரண்டு குறிகளாகக் கிடக்கும். விசைப்பலகையில் நாம் அடிக்கும் ‘கொ’வில் ஒகரக் குறி ஒன்றுதான். ஆகவே மாற்றிய கோப்பில் ‘கொடி’ என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் கொடி பல இடங்களில் அகப்படாது.

இதைத் திருத்தி எழுதியபோது இஷ்யூ இப்படி ஆனது:

“தலைப்பு: மாற்றிய கோப்பில் ‘கொ’, ‘கோ’ இரண்டு குறிகளாக வருகின்றன, தேடலில் சிக்குவதில்லை.
என்ன நடக்கிறது: மாதிரிகள் அடைவில் உள்ள மூன்றாவது கோப்பை மாற்றிவிட்டு ‘கொடி’ என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் கிடைக்காது.
ஏன்: கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக ஆகவில்லை.
என்ன செய்ய வேண்டும்: மாற்றும் செயற்கூறின் கடைசி வரியில், திருப்பி அனுப்பும் முன், பைத்தானோடு வரும் யூனிகோட் மாட்யூலின் நார்மலைஸ் செயற்கூறை என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்தில் அழைக்க வேண்டும்.
எப்படிச் சோதிப்பது: சோதனைக் கோப்பில் ‘கெ’ வரிசைக்கு ஒரு சோதனை இருக்கிறது. அதைப் பார்த்து ‘கொ’, ‘கோ’ இரண்டுக்கும் எழுதுங்கள்.
என்ன தெரிய வேண்டும்: பைத்தான் அடிப்படை. தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.
சந்தேகம் வந்தால்: இங்கேயே கேளுங்கள், இரண்டு நாளுக்குள் பதில் சொல்கிறோம்.”

இதை எழுத எனக்கு 40 நிமிடம் ஆனது. திருத்தத்தை நானே செய்திருந்தால் பத்து நிமிடம். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பல மெயின்டெய்னர்கள் “நானே செஞ்சுட்டுப் போறேன்” என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த 40 நிமிடம் கொம்புக்கும் காலுக்கும் செலவழித்ததல்ல. இந்த இஷ்யூவை முடித்தவர் அடுத்த மாதம் இன்னும் இரண்டை எடுத்தார், அவற்றுக்கு நான் இவ்வளவு விளக்கமே எழுத வேண்டியிருக்கவில்லை.

இதற்கு அடுத்த வீட்டில் ‘கௌ’ இருந்தது. அதையும் இதே லேபிளோடு போடலாம் என்று நண்பர் சொன்னார். கூடாது என்றேன். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டும் ளகரமும் ஒரே விசை. அதனால் கொம்பு, வகரம், ளகரம் என்று வந்தால் அது ‘வௌவால்’ என்பதன் முதலெழுத்தா, கதை உரையாடலில் வரும் ‘வெளக்கு’ என்பதன் முதல் இரண்டெழுத்தா என்று நிரலுக்குத் தெரியாது. சொற்பட்டியல் வைப்பதா, பயனரையே கேட்பதா என்று எங்களுக்குள்ளேயே முடிவாகவில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பிழைகளில் ஒன்று முதல் வேலைக்கு ஏற்றது, மற்றொன்று இல்லை. தீர்வு என்னவென்று உங்களுக்கே தெரியாத இஷ்யூவைப் புதியவர் தலையில் கட்டினால், அவர் மூன்று நாள் உழைத்துக் கொண்டுவருவதை நீங்கள் “இப்படி வேண்டாமே” என்று திருப்பி அனுப்ப நேரும்.

படி 5: ‘ஹெல்ப் வான்டட்’ எங்கே போகிறது?

‘கௌ’ அங்கேதான் போகும். எங்களால் முடியவில்லை, கொஞ்சம் அனுபவம் உள்ள ஆள் வந்தால் நல்லது என்பதற்கான லேபிள் அது. குபர்நெட்டீஸ் கணக்கில் இந்த லேபிளுக்குத் தகுதியான வேலை, உடனே முடித்தாக வேண்டிய அவசரமாகவும் இருக்கக் கூடாது, யாருக்கும் பயன்படாத ஓரத்து வேலையாகவும் இருக்கக் கூடாது. அவசரம் என்றால் உள்ளே இருப்பவர்தான் செய்ய வேண்டும். ஓரத்து வேலை என்றால் செய்தவருக்கு மனம் விட்டுப்போகும். அவர்களிடம் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ ஒட்டினால் ‘ஹெல்ப் வான்டட்’டும் கூடவே ஒட்டிக்கொள்ளும். மறுபக்கம் அப்படி இல்லை.

படி 6: யார் எடுத்திருக்கிறார் என்பது தெரிய வேண்டும்

ஒரே இஷ்யூவுக்கு மூன்று பேர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பி, இரண்டு பேர் வருத்தத்தோடு போனது எங்களுக்கு நடந்திருக்கிறது. “நான் எடுக்கட்டுமா” என்று ஒருவர் இஷ்யூவின் கீழே கேட்டதும் அவர் பெயருக்கு ஒதுக்கிவிடுங்கள், அப்போதுதான் மற்றவர்களின் தேடலில் அந்த இஷ்யூ வராது. ரஸ்ட் திட்டத்தில் அவர்களுடைய ‘பாட்’ என்ற தானியங்கி நிரலைக் கூப்பிட்டு ‘கிளெய்ம்’ என்று எழுதினால் தானே ஒதுக்கிக்கொள்ளலாம், மெயின்டெய்னர் எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எடுத்தவர் காணாமல் போவதும் சகஜம். பரீட்சை வரும், வேலை மாறும், காய்ச்சல் வரும். இரண்டு வாரம் சத்தமே இல்லை என்றால் மரியாதையாக ஒரு வரி கேளுங்கள். இன்னொரு வாரம் பார்த்துவிட்டு ஒதுக்கீட்டை எடுத்துவிடுங்கள். இந்தக் கெடுவைப் பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

படி 7: ஒட்டும் வேலையைப் பகிருங்கள்

கிட்ஹப் நிறுவனக் கணக்கில் ‘ட்ரையாஜ்’ என்ற அனுமதி உண்டு. இஷ்யூக்களுக்கு லேபிள் ஒட்டலாம், மூடலாம், ஆனால் நிரலில் கைவைக்க முடியாது. நிரல் எழுதாமல் உதவ நினைப்பவருக்கு இதைக் கொடுங்கள். இஷ்யூ வார்ப்புருவிலேயே லேபிளைக் குறித்துவிட்டால் பிழை அறிக்கை வரும்போதே ‘பக்’ ஒட்டிக்கொண்டு வரும். எந்தக் கோப்பு மாறியது என்பதைப் பார்த்துப் புல் ரிக்வெஸ்டுக்கு தானாக லேபிள் ஒட்டும் ‘லேபிளர்’ என்ற கிட்ஹப் ஆக்‌ஷனும் இருக்கிறது. ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’வை மட்டும் எந்த இயந்திரத்துக்கும் விடாதீர்கள். அதை ஒட்டும் ஆள், விளக்கம் எழுதிய ஆளாகவே இருக்கட்டும்.

படி 8: மாதம் ஒருமுறை டப்பாக்களைத் திறந்து பாருங்கள்

எட்டு மாதத்துக்கு முன் எழுதிய இஷ்யூவில் “கடைசி வரியில்” என்று சொல்லியிருப்போம். இதற்குள் அந்தச் செயற்கூறே வேறு கோப்புக்குப் போயிருக்கும். புதியவர் தேடித் தேடி, தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துப் போய்விடுவார். கேட்கக்கூட மாட்டார். மாதம் ஒருநாள் அந்த லேபிள் உள்ள இஷ்யூக்களை மட்டும் வரிசையாகத் திறந்து, சொன்னது இன்னும் சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்துங்கள், நேரமில்லையென்றால் லேபிளை உரித்துவிடுங்கள்.

குபர்நெட்டீஸில் 90 நாள் அசைவில்லாத இஷ்யூவுக்கு பாட் வந்து ‘ஸ்டேல்’ ஒட்டும், இன்னும் 30 நாள் போனால் ‘ராட்டன்’, அதற்கும் 30 நாள் கழித்து மூடிவிடும். ஆயிரக்கணக்கில் இஷ்யூ உள்ள இடத்துக்கு அது சரி. 42 இஷ்யூ உள்ள இடத்தில் பாட் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் நேரம் ஒதுக்கி எழுதிய பிழை அறிக்கையை ஆள் பார்க்காமல் இயந்திரம் மூடினால், அவர் இரண்டாவது அறிக்கை எழுத மாட்டார்.

ஒரே சமயத்தில் எத்தனை இருக்கலாம் என்று கேட்டால், வாரத்துக்கு எத்தனை புல் ரிக்வெஸ்டை உங்களால் பொறுமையாகப் படிக்க முடியும் என்று திருப்பிக் கேட்பேன். எங்களுக்கு அது இரண்டு, பண்டிகை வாரத்தில் ஒன்றுகூட இல்லை. இப்போது எங்கள் ரெப்போவில் அந்த லேபிளில் இருப்பவை மூன்றே இஷ்யூ. ஒன்று உதவிப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு சேர்ப்பது. இன்னொன்று கிரந்த எழுத்து ‘க்ஷ’வுக்குச் சோதனை எழுதுவது. மூன்றாவதை நேற்று இரவு ஒருவர் கேட்டிருக்கிறார், இந்தக் கட்டுரையை முடித்துவிட்டு அவர் பெயருக்கு ஒதுக்க வேண்டும்.